நாயக்கனேரிக் கணவாயில் இலை சிவக்கும் காலம்

சிவசமுத்திரத்திலிருந்து எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்த மறு வருஷம், கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாயக்கனேரிக் கணவாய்க்குப் போய்வந்தேன். மார்கழியில் அந்தக் காடு முழுவதும் இலை சிவந்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் நான் வண்டி பேசியது அண்ணனுக்காக.

அண்ணன் சாமுவேல் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் மரவேலை மேஸ்திரி. பாறை விழாமல் கீழே முட்டுமரம் நிறுத்துவது அவர் வேலை. பாரம் தாங்காத மரம் முறிவதற்கு முன் லேசாக முனகுமாம். அதைக் கேட்டு ஆட்களை வெளியே இழுப்பதும் அவர் பொறுப்புதான். ஐப்பசியில் ஒருநாள் அந்த முனகல் அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற தேவராஜ் செத்துப்போனார். அன்று முதல் அண்ணன் தினமும் சுரங்கக் குழியின் ஷாப்டு வாய் வரை போவார், ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் ஏறாமல் திரும்பிவிடுவார். புது வருஷத்துக்கு மறுநாளும் இறங்காவிட்டால் பெயரை அடித்துவிடுவதாகச் சுரங்கத்துத் துரை சொல்லியாயிற்று. பெயர் போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும்.

நான் சென்னையில் பி.ஏ. தேறி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ‘இறங்க வேண்டாம் அண்ணா, என் சம்பளத்தில் சமாளிக்கலாம்’ என்று சொல்ல வேண்டும். வீட்டில் எல்லார் நடுவிலும் எனக்குப் பேச்சு வராது. வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

கூண்டு வண்டிக்கு மூன்று நாளுக்கு நாலரை ரூபாய், மாட்டுத் தீனி உட்பட. காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். வெங்கடகிரிக்கோட்டை பதினெட்டு மைல். போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. வழியெல்லாம் மொட்டைக் கரடு. சுரங்கத்தின் கொதிகலனுக்கு விறகாகப் போன காடு அது. அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல வந்ததை நான் மறுநாளைக்குத் தள்ளிப்போட்டேன். இரவு சத்திரத்தில் தங்கினோம்.

மறுநாள் ஆறு மைல் போனதும் சாலை சரிந்து வளைய ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் வெக்காலி மரங்கள் துருப்பிடித்த சிவப்பில் நின்றன. இடையிடையே மஞ்சள். வெயில் வந்தும் பனி விலகாததால் எல்லாம் புகைக்குள் கனல்போலத் தெரிந்தது. அழகுதான், ஆனாலும் எனக்கு மனம் கனத்தது. மாட்டுக்குச் சிரமம் என்று இறங்கி நடந்தோம். அண்ணன் ஒரு மரத்தில் உள்ளங்கையை வைத்து நின்றார்.

“இன்னா மேஸ்திரி, பொண்ணு பாக்க வந்தியா? அந்தத் தடவு தடவற!” என்றார் வண்டிக்காரர் முனிசாமி.

“நல்ல முட்டு ஆவும்யா இது. இன்னா நேரு பாரு!”

அண்ணன் வாய் திறந்ததே எனக்குத் தைரியமாக இருந்தது. “அண்ணா” என்று ஆரம்பித்தேன். சட்டென்று அவர் என் தோளைப் பிடித்துக் கீழே தள்ளி என்மேல் கவிழ்ந்தார். அதற்குப் பிறகுதான் தலைக்கு மேலே ‘படீர்’ என்றது.

முனிசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “காஞ்ச மந்தார நெத்து வெடிச்சதுக்கா டீச்சரம்மாவ மண்ணுல பொரட்டின? புலி கிலி வந்தா இன்னா பண்ணுவ?”

அண்ணன் சிரிக்கவில்லை. என்னைத் தூக்கி நிறுத்தினார். “வெடிக்கறதுக்கு முந்தி ஒரு சத்தம் வந்துச்சே, உனுக்குக் கேட்டுச்சா?”

“இல்லியே.”

“பாப்பா, உனுக்கு?”

“இல்லண்ணா.”

காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “எனுக்குக் கேட்டுச்சு.”

அன்று சத்திரத்தில் அவர் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் முழுவதும், இறங்கினால் தன்னை எந்த ஆழத்து லெவலில் விடுவார்கள் என்று முனிசாமியிடம் பேசிக்கொண்டே வந்தார். எங்களுக்கு முன்னால் மரம் ஏற்றிய வண்டிகள் சுரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இலை கழிக்காத மரங்கள். சிவப்பு இலைகள் புழுதியைக் கூட்டிக்கொண்டே போயின. சொல்ல வந்ததைச் சொல்லாமலே நான் அதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

போக நினைப்பவர்கள் பொங்கலுக்குள் போய்விடுங்கள்; அப்புறம் கிளைதான் மிஞ்சும். கம்பளி அவசியம். குடிதண்ணீரை வெங்கடகிரிக்கோட்டையிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. கூட வருபவரிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெயில் ஏறியதும் நெற்று வெடிக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

அண்ணன் பத்து நாளாக இறங்குகிறார். ஷிப்டு முடியும் சங்கு ஊதும்வரை, வீட்டில் ஒரு தட்டு விழுந்தாலும் எழுந்து நிற்பது இப்போது நான்தான்.