அத்தை கொடுக்க மறுத்த டாலர்

எங்கள் வீட்டில் டாலர் என்றால் சங்கிலியில் தொங்குவது. சின்னப் பிள்ளையான என் கழுத்திலும் ஒன்று கிடந்தது, ஏலாக்குறிச்சியில் வாங்கிய மாதா டாலர். அதனால் அத்தையின் மேல் எனக்கு வந்த கோபம் நியாயமான கோபம்தான்.

அத்தை அப்பாவின் தங்கை. பெரம்பலூரில் ஒரு லேத் பட்டறையில் டிராயிங் போடும் வேலை. ஒருநாள் அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். மறுநாள் முதலாளியிடமிருந்து போன்மேல் போன். "இப்ப போயி டாலரன்ஸ் குடுக்க மாட்டேன் சார்" என்று அத்தை ஒரே பிடிவாதம்.

"குடுத்துத் தொலையேம்மா, வேல போயிடும்" என்று அப்பா கெஞ்சினார். அடுத்தவர் டாலரை வாங்கி வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறாளே, சீ, என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னுடையதைக் கழற்றி நீட்டினேன்.

"இதக் குடுத்துடு அத்தை. அழாத."

அத்தை சிரித்தாள். பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது. வேலையும் போனது.

நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகுதான் அம்மா விஷயத்தைச் சொன்னாள். ஓர் அளவு எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று டிராயிங்கில் பொடியாக எழுதுவதுதான் டாலரன்ஸ். ஒரு ஷாஃப்டுக்கு, அதாவது சுழலும் இரும்புத் தண்டுக்கு, அத்தை அதை எழுத மறந்துவிட்டாள். லேத் ஓட்டும் அண்ணன் கடைந்தது மயிரிழை தடித்துப்போனது. அதை வாங்கிய அரியலூர் ஆலையில் அது பேரிங்குக்குள் இறங்கவில்லை. சுத்தியலால் அடித்து இறக்கியபோது தெறித்த இரும்புத் துணுக்கில் ஒரு ஃபிட்டருக்குக் கண் போய்விட்டது. அந்த அளவை இப்போது டிராயிங்கில் எழுதிவிட்டால் பழி லேத் அண்ணன் தலையில் விழும், அத்தை தப்பித்துவிடலாம். முதலாளி கேட்டது அதைத்தான். பாவி, எழுதித் தப்பித்திருக்கலாம், அவள் எழுதவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாத அந்த நாளில், அத்தைக்கு வேலை போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, லேத் அண்ணனும் அவர் மனைவியும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"அக்கா இல்லீங்களா? அவங்களாலதான் எங்க வூட்ல அடுப்பு எரியுது" என்றாள் மனைவி.

கதவுக்குப் பின்னால் நின்ற அத்தை, இல்லையென்று சொல்லும்படி எனக்குக் கையாட்டினாள். சொன்னேன். பழத்தை என்னிடம் கொடுத்து, வீட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"எதுக்கு அத்தை ஒளிஞ்ச?"

"ஒரு ஆளுக்குக் கண்ணு போயிடுச்சுடி. இவங்க வந்து என்னயக் கும்பிடுறாங்க."

யாருடைய கண் என்று எனக்கு விளங்கவில்லை, கேட்கவும் இல்லை. நன்றாகக் கனிந்த பழத்தை உரித்துத் தின்றபடி, அத்தை ஏன் ஒன்றுகூட வேண்டாம் என்கிறாள் என்று மட்டும் யோசித்தேன்.