கல்யாணக் கட்டிலுக்கு வெல்டா, போல்ட்டா?

இன்னிக்கு காலையில தோசை ஊத்திட்டு இருக்கும்போது...

என் பொண்ணு ஏதோ இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டே கேட்டா. "அம்மா, ஜாயின், அட்டாச், கனெக்ட், ஃபாஸன், வெல்ட்... எல்லாமே சேக்கறதுதானே? எதுக்கு இத்தனை வார்த்தை?"

எனக்கு வந்த சிரிப்புல தோசை கருகிடுச்சு!

பின்ன? இந்த வித்தியாசத்தால கல்யாண வாரத்துல ஒரு ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டு முழிச்சவ நான்!

தொண்ணூறுகளோட ஆரம்பம். ஆவடியில குவார்ட்டர்ஸ் வீடு. அப்பா ஃபேக்டரியில வெல்டர், ஊரு திருநெல்வேலிப் பக்கம்.

சர்ச்சுல எங்க ஓலை, அதான் கல்யாண அறிவிப்பு, வாசிச்சாச்சு. மாப்பிள்ளை பூந்தமல்லி, அம்பத்தூர் எஸ்டேட்ல ஃபிட்டர்.

பொண்ணு பாக்க வந்தப்ப நான் குனிஞ்ச தலை நிமிரல. (அவரு சாக்ஸ் மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. ஊதா!)

குரலைக்கூட கேட்டதில்ல. கோவக்காரரா, அப்பாவை மதிப்பாரா, ஒண்ணும் தெரியாது.

சீர் கட்டிலை கடையில வாங்க அப்பாவுக்கு மனசு வரல. "வெல்டர் மக கடைக்கட்டில்ல படுக்கதா?"ன்னு இரும்பு பைப் வாங்கி தானே இறங்கிட்டாரு.

வெளியில மழை. அதனால உள் ரூம்லயே வேலை. (இங்கதான் விதி சிரிச்சுது!)

பக்கத்து வீட்டு எபினேசர் மாமா அதே ஃபேக்டரியில ஃபிட்டர், பக்கா மெட்ராஸ்காரர். அவரு வந்து பாத்துட்டுப் பதறிட்டாரு.

"இன்னா அண்ணாத்தே, கட்டில்ன்றது ஃபாஸன் பண்ற ஐட்டம்பா! போல்ட்டு போட்டா வேணும்ன்றப்போ கழட்டிக்கினு போவலாம். வெல்டு வெச்சா ஒரே பீஸாயிடும்!"

"ஒரே பீஸாத்தான் இருக்கணும். எம் மக கட்டிலு ஆடக் கூடாதுல்லா"ன்னாரு அப்பா.

வாடகை வெல்டிங் செட்டை எங்க வீட்டு கரண்டுல கனெக்ட் பண்ணாரு.

கனெக்ட்னா அது வழியா ஏதாவது ஓடணும். அன்னிக்கு கரண்ட் ஓடுச்சு, பிளாக் முழுக்க லைட்டு மங்குச்சு, டிவியில படம் பாத்துட்டு இருந்த அத்தனை பேரும் எங்க வீட்டுக்கு ஓடி வந்தாங்க!

அட்டாச்னா பெருசோட சின்னதை ஒட்டவைக்கறது. கொசுவலைக்கு மூலைக்கு ஒரு கம்பியா அட்டாச் பண்ணாரு. அதுக்கும் வெல்டு!

கட்டில் தயார். யானை ஏறிப் படுத்தாலும் அசையாது.

கட்டிலை ஏத்த டெம்போ வந்துச்சு. கூடவே மாப்பிள்ளையும் இறங்கிட்டாரு!

"கல்யாணத்துக்கு முன்னாடி மூஞ்சியக் காட்டாதடீ"ன்னு அம்மா என்னை உள் ரூமுக்குள்ள தள்ளிட்டாங்க.

சரி, உள்ள இருக்கற ஆளு சும்மா இருப்பானேன்? வெளிய இருந்து அப்பாவும் மாமாவும் இழுக்க, உள்ள இருந்து நான் தள்ள... (மணப்பொண்ணு லட்சணம்!)

பாதியில சிக்கிடுச்சு. கட்டில் கால் நிலைவாசல்ல மாட்டிக்கிச்சு, கொசுவலைக் கம்பி மேல இடிச்சுது. முன்னாடியும் போகல, பின்னாடியும் வரல.

உள்ள நான். நடுவுல கட்டில். அந்தப் பக்கம் மாப்பிள்ளை!

கட்டில் சட்டத்து வழியா நேருக்கு நேரா பாத்துட்டோம். அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க.

எபினேசர் மாமா இரும்பறுக்கற ஆக்ஸா பிளேடை எடுத்துட்டு வந்தாரு. "அறுத்துடலாம்பா."

"அறுக்கப்படாது." அப்பா கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. முகம் சுண்டிப் போச்சு.

எனக்கு உயிரே போச்சு. மாப்பிள்ளை இப்போ சிரிச்சாருன்னா, ஒரு வார்த்தை நக்கலா சொன்னாருன்னா, அப்பா தாங்க மாட்டாரு. நானும்தான்.

மாப்பிள்ளை சிரிக்கல. வெல்டு வெச்ச இடத்தை விரலால தடவிப் பாத்துட்டு அப்பாகிட்ட சொன்னாரு:

"மாமா, எஸ்டேட்ல எவ்ளோ வெல்டு பாத்துக்கீறேன். இவ்ளோ நீட்டா பாத்ததில்ல. நீங்க சரின்னு சொல்லாம இதுல பிளேடு வைக்க மாட்டேன்."

அப்பா கை தானா இறங்குச்சு. "அறுங்க மாப்ள"ன்னாரு.

அறுக்க ஆரம்பிச்சதும் ஒரு பிளேடு படக்குன்னு உடைஞ்சுது. "பாத்தீயளா!"ன்னு அப்பாவுக்கு ஒரே பெருமை!

அடுத்த பிளேடை மாட்டறதுக்குள்ள மாப்பிள்ளை என் பக்கம் திரும்பிட்டாரு.

"ஏங்க, அங்க எடுத்துகினு போனப்புறம் எப்படி சேக்கட்டும்? மறுபடி வெல்டா, இல்ல போல்ட்டா? படுக்கப்போறது நீங்க... இல்ல, நாம... அதாவது..."

மனுஷன் காது ரெண்டும் செவந்து போச்சு! டெம்போ டிரைவர் தலையைத் திருப்பிக்கிட்டு குலுங்கறாரு!

ஆனா எனக்கு சிரிப்பு வரல.

ஏன்னா கட்டில் டிசைன்லருந்து கல்யாணத் தேதி வரைக்கும் "உனக்கு எப்படி வேணும்?"னு என்னை யாருமே கேட்டதில்ல. பாசமா வளத்தாங்க, ஆனா கேட்டதில்ல. முதல்ல கேட்டவரு இவருதான்.

எங்கிருந்து தைரியம் வந்துச்சோ!

"போல்ட்டே போடுங்க. லூசானா டைட் பண்ணிக்கலாம். ஆனா ஸ்பேனர் என்கிட்டதான் இருக்கணும்."



அப்பா என்னையே பாத்தாரு. அப்புறம் எபினேசர் மாமாவோட டூல்பாக்ஸைக் குடைஞ்சு ஒரு ஸ்பேனரை எடுத்து, சட்டத்து வழியா என் கையில குடுத்தாரு.

"கேட்டீங்கள்லா மாப்ள? இனி இவகிட்ட கேட்டுட்டுத்தான் எதையும் கழட்டணும்!"

"அண்ணாத்தே, அது என் ஸ்பேனருபா!"ன்னு எபினேசர் மாமா கத்துனது யாரு காதுலயும் விழல!

இதெல்லாம் சொல்லி முடிச்சா, சட்னி தொட்டு கருகின தோசையைத் தின்னுக்கிட்டிருந்த எங்க வீட்டுக்காரர் பொண்ணைப் பாத்து சொல்றாரு: "பரீட்சையில இதை எழுதாதம்மா. ஆனா மாப்பிள்ளை பாக்கறப்போ ஞாபகம் வெச்சுக்கோ."

சரி, உண்மையைச் சொல்லுங்க. உங்க வீட்டுல ஸ்பேனர் யார் கையில?