ஸ்கூட்டர் சீட்டில் தெரிந்த சங்கு

போன வருஷம் ஏப்ரல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலக்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. அன்றைக்கு அங்கே கல்யாணம் எதுவும் இல்லை. பழைய ஸ்டாம்ப் சேர்க்கிறவர்கள் கூடி ஒருத்தருக்கொருத்தர் மாற்றிக்கொள்ளும் நாள்.

எனக்கு ஊர் தேவிகுளம் பக்கம். தேயிலை எஸ்டேட் லயத்தில் வீடு, கொழுந்து எடுக்கிற வேலை. ஸ்டாம்புக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. அது என் அண்ணனுடைய பைத்தியம். டூரிஸ்ட் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு தடவை ஏதோ பழைய பங்களாவைக் காலி செய்தபோது, எரிப்பதற்காகப் போட்டிருந்த காகிதக் குவியலிலிருந்து ஸ்டாம்ப் ஒட்டிய நாலைந்து கவர்களை எடுத்து வந்தான். அதில் தொடங்கியது. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டான். "பொண்ணு வீட்டுக்காரவுக வந்தா இந்த டப்பாவ எங்கயாச்சும் ஒளிச்சு வச்சிருண்ணே, கிறுக்குன்னு நெனச்சு ஓடிருவாக" என்று நான் கேலி செய்வேன். அவன் காதில் வாங்கமாட்டான்.

அதற்கு முந்தின வருஷம் மழைக்காலத்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தே நாள். இருபத்தாறு வயதில் போய்விட்டான்.

ஸ்டாம்ப் போட்டு வைத்திருந்த அவன் பிஸ்கட் டப்பாவையும், ஸ்டாம்ப் ஒட்டிக் குறிப்பு எழுதிய நோட்டையும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அவன் விட்ட இடத்திலிருந்து நாமே தொடரலாமே என்று ஒரு ஆசை. எனக்கு எதுவும் தெரியாது. பெரிய ஸ்டாம்ப் நல்ல ஸ்டாம்ப், கலர் கலராக இருந்தால் ரொம்ப நல்ல ஸ்டாம்ப், அவ்வளவுதான் என் அறிவு. நோட்டைப் படித்திருந்தால் கொஞ்சமாவது தெரிந்திருக்கும். ஆனால் அவன் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்கு அழுகை வந்துவிடும். அதனால் ஸ்டாம்ப் ஒட்டிய பக்கங்களை மட்டும் பார்ப்பேன். எழுதின பக்கம் வந்தால் புரட்டிவிடுவேன்.

என் சித்தியைப் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. "வீட்டுக்குள்ளயே மொடங்கிக் கெடக்காம வாட்டி" என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போன இடத்தில்தான் இந்த ஸ்டாம்ப் கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டோம். சித்தியையும் இழுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு மயக்கமே வந்துவிட்டது. மலையிலிருந்து வந்தவளுக்குப் பாலக்காட்டு ஏப்ரல் வெயிலே தாங்காது. அந்த மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு ஃபேன் தொங்குகிறது, ஒன்றுகூட ஓடவில்லை. ஓடினால் ஸ்டாம்ப் எல்லாம் பறந்துவிடுமாம். எல்லாரும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, வேர்வை ஸ்டாம்ப் மேல் சொட்டிவிடாமல் கழுத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "இதுக்கு நம்ம வீட்டுத் தோசக்கல்லுல உக்காந்திருக்கலாம்" என்றாள் சித்தி.

ஒரு மேசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா இருந்தார். பாலக்காட்டை அடுத்த சித்தூர் பக்கம் மாவு மில் வைத்திருக்கிறாராம். ஸ்டாம்ப் சேர்க்கத் தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகிறதாம். அவரிடம் முக்கோண வடிவில் மூன்று ஸ்டாம்ப் இருந்தது. ஒன்றில் கிளி, ஒன்றில் மீன், ஒன்றில் ரயில். பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது.

அண்ணன் டப்பாவில் ஒரு சின்னக் கவருக்குள் நாலு ஸ்டாம்ப் இருந்தது. திருவிதாங்கூர் ராஜா காலத்து ஸ்டாம்ப், ஆறு காசு, செங்கல் நிறம், நடுவில் சங்கு. நாலும் அச்சாக ஒன்றுபோலவே இருந்தன. எல்லாவற்றிலும் கறுப்பாகத் தபால் முத்திரை வேறு. ஒரே ஸ்டாம்ப் நாலு எதற்கு என்று, முத்திரை லேசாக விழுந்திருந்த ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றைக் கொடுத்தேன். கிளியும் மீனும் ரயிலும் எனக்கு வந்தன. அந்த அக்காவிடமும் அதே மாதிரி செங்கல் நிற ஸ்டாம்ப் ஒரு டப்பா நிறைய இருந்தது. மூன்றையும் அதற்குள் போட்டு மூடி, ஒரு குலுக்குக் குலுக்கி ஓரமாக வைத்தார்.

வெளியே வந்து சர்பத் குடித்துக்கொண்டே, புதிதாக வந்த மூன்றையும் வைக்க நோட்டைத் திறந்தேன். காலிப் பக்கம் தேடியபோது அந்தப் பக்கம் வந்துவிட்டது. மேலே அந்தச் சங்கைப் பேனாவால் வரைந்திருந்தான். கண்ணை எடுப்பதற்குள் முதல் வரியைப் படித்துவிட்டேன்.

"நாலையும் பாத்தா ஒண்ணு போலத்தான் இருக்கும். நாலும் வேற. மாத்தக் கூடாது. இதக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு."

சர்பத் டம்ளரைச் சித்தி கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

"அக்கா, அந்த மூணையும் திருப்பித் தாங்கக்கா. இந்தாங்க ஒங்க கிளி, மீனு, ரயிலு."

"ஏனுங்க அம்மணி, மாத்துனது மாத்துனதுதானுங்க. அது வெல கூடுன ஸ்டாம்புன்னு ஆராச்சும் சொன்னாங்களா?"

"வெலையெல்லாம் இல்லக்கா."

"பொறகு என்னத்துக்குங்க?"

கிளி, மீன், ரயிலை அவர் பக்கம் தள்ளினேன். அண்ணன் செத்துப்போய்விட்டான் என்று சொன்னதும் எல்லாரும் ஒரு மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்களே, அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. பின்னால் வந்த சித்திதான் சொன்னாள். "அது செத்துப்போன அவ அண்ணன் சேத்து வச்சதும்மா. தெரியாம குடுத்துட்டா."

அந்த அக்கா முகத்தை அப்படி வைத்துக்கொள்ளவில்லை. டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நானொரு கூறு கெட்டவ, டப்பாவக் குலுக்கி வேற வெச்சுட்டனேங்க" என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டினார். எண்ணினால் முப்பத்தெட்டு. எல்லாம் செங்கல் நிறம், எல்லாவற்றிலும் சங்கு, எல்லாவற்றிலும் கறுப்புத் தீற்று.

எந்த மூன்று என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் வெட்கக்கேடு. அவன் போனதிலிருந்து அந்தக் கவரை யாரும் தொடாமல் காவல் காத்தேன். ஒரு நாளாவது திறந்து ஒழுங்காகப் பார்த்திருந்தால் முத்திரையின் வடிவமாவது ஞாபகம் இருந்திருக்கும்.

அக்கா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "எனக்குத் தமிழ் எழுத்து தெரியாதுங்க. ஊட்டுல பேசறதுதான் தமிழு, படிச்சதெல்லாம் மலையாளம். நீங்களே படிங்க."

சித்திக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். வேறு வழியில்லை. அவன் போன பிறகு அவன் எழுதியதை முதல் தடவையாக, அதுவும் சத்தம் போட்டு, முன்பின் தெரியாத ஊரில் படித்தேன்.

"ஒண்ணாவது: சீல் லேசா விழுந்தது. பல்லு பன்னெண்டு. ரெண்டாவது: மேலயும் கீழயும் பன்னெண்டு, சைடுல பன்னெண்டரை. கிறுக்குப் பய. மூணாவது: பல்லு பன்னெண்டு, உள்ள இருக்க சங்கு படுத்துத் தூங்குது. நாலாவது: சுத்தியும் பன்னெண்டரை, சங்கு நேரா நிக்கி, கலரு கொஞ்சம் கறுத்த செங்கல்லு."

கீழே கொசுறாக இன்னும் எழுதியிருந்தான். "அம்மா பெட்ரோல் வாடைக்கு ஏசினா. இன்னைக்கு ஒண்ணுதான் பாக்க முடிஞ்சிச்சு." அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு காலம் இருந்தது. அடுப்பு எரிகிற வீட்டுக்குள் பெட்ரோலைக் கொண்டு வருகிறான் என்று அம்மா துடைப்பத்தோடு துரத்துவாள். அதற்கும் கீழே கடைசி வரி: "தங்கச்சிக்கு எல்லாம் ஒண்ணுதான். ஒரு நாளைக்கி உக்கார வச்சுக் காட்டணும்."

நோட்டை மேசைமேல் வைத்தேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. உங்க அண்ணன் நம்ம எல்லாருக்குமே காட்டட்டும்."

உட்கார்ந்தோம். பல் என்று அண்ணன் எழுதியது ஸ்டாம்ப் ஓரத்தில் இருக்கும் பற்களை. இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை என்று எண்ண வேண்டும். பன்னிரண்டுக்கும் பன்னிரண்டரைக்கும் வித்தியாசம் அரைப் பல். எங்கள் இருவரிடமும் அளக்கும் அட்டை இல்லை. அதற்கும் அவனே வழி எழுதியிருந்தான். ஒரு ஸ்டாம்ப்பின் ஓரத்தை இன்னொன்றின் ஓரத்தோடு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். கடைசிவரை பல்லுக்குப் பல் சேர்ந்து போனால் ஒரே அளவு. போகப் போக விலகினால் வேறு. நல்லவேளையாக நான் வைத்துக்கொண்டது முதலாவது, பன்னிரண்டு பல். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்தோம். அக்கா "சேருது" என்பார், நான் "இல்லக்கா, கடைசில தள்ளுது" என்பேன். சித்தி இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்து "எனக்கு ரெண்டும் பல்லு மாதிரியே தெரியல" என்பாள்.

அரை மணி நேரத்தில் மேலே சேர்ந்து பக்கத்தில் விலகுகிற ஒன்று வந்தது. முப்பத்தெட்டில் அது ஒன்றுதான். கிறுக்குப் பயல். அதைப் பார்த்ததும் அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். மில்லில் மூட்டை தூக்கின கை, இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்தது படுத்துத் தூங்குகிற சங்கு. அது படத்தில் இருக்கும் சங்கு இல்லை. காகிதம் செய்யும்போதே உள்ளே பதிந்த சங்கு. கறுப்பான ஏதாவது ஒன்றின்மேல் ஸ்டாம்பைக் கவிழ்த்து வைத்து ஒரு சொட்டு பெட்ரோல் விட்டால் தெரியும், உடனே காய்ந்தும் விடும், ஸ்டாம்புக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதியிருந்தான். "பெட்ரோலுக்கு எங்கடி போறது" என்று சித்தி கேட்கும்போதே அக்கா வண்டிச் சாவியை எடுத்துவிட்டார்.

மரத்தடியில் அக்காவின் ஸ்கூட்டர் நின்றது. டேங்கைத் திறந்து காது குடையும் பஞ்சுக் குச்சியை விட்டு நனைத்துக்கொண்டோம். கறுப்பு சீட்டின்மேல் ஸ்டாம்பைக் கவிழ்த்து வைத்துத் தொட்டோம். மூன்று பொம்பளைகள் ஸ்கூட்டர் சீட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு ஒரு ஆள் வந்து, "எந்தா, ஸ்டார்ட் ஆவுன்னில்லே?" என்றார். வண்டி நன்றாக இருக்கிறது என்றதும் அவருக்கு இன்னும் சந்தேகம். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

முதல் நாலைந்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏழாவதோ எட்டாவதோ, காகிதம் நனைந்ததும் உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு சங்கு மெதுவாக மேலே வந்தது. நேராக நின்றது. ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை, காய்ந்து மறைந்துவிட்டது. இதைப் பார்க்கத்தான் அம்மாவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறான். எனக்கு அப்போதுதான் புரிந்தது. எப்படிப் பார்ப்பது என்று கண் பழகிய பிறகு முன்னால் விட்டதையும் மறுபடி பார்த்தோம். படுத்திருந்த சங்கு ஒன்றே ஒன்று வந்தது. அதுவும் அவனுடையது.

மிச்சம் நாலாவது. சுற்றிலும் பன்னிரண்டரை, சங்கு நேராக இருந்தது ஒன்பது. வெயிலில் வரிசையாக வைத்துப் பார்த்தால் கறுத்த செங்கல் நிறம் மூன்று. அதற்கு மேல் பிரிக்க முடியவில்லை. பல்லும் ஒன்று, சங்கும் ஒன்று, நிறமும் ஒன்று. மண்டபக்காரர் கதவைப் பூட்டப் போவதாகக் குரல் கொடுத்தார். மூன்றில் ஒன்றை அவன் இரண்டு மாதம் கையில் வைத்துப் பார்த்திருக்கிறான். எது?

"மூணையும் எடுத்துக்குங்க" என்றார் அக்கா.

"அப்ப ஒங்க ரெண்டு போயிருமேக்கா."

"போகட்டுமுங்க. எனக்கென்ன, காத்தால வரைக்கும் எல்லாம் ஒரே ஸ்டாம்புன்னு டப்பாவுல போட்டுக் குலுக்கிட்டிருந்தவ. இப்ப பல்லு வேற சங்கு வேறன்னு ஆகிப்போச்சு. உங்க அண்ணன் எனக்கு லாபந்தானுங்க."

கிளி, மீன், ரயிலைத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா கிளியை மட்டும் திரும்ப நோட்டுக்குள் செருகினார். அண்ணன் எழுதியிருந்த பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். யாரையாவது வைத்து மலையாளத்தில் எழுதிக்கொள்ளப் போகிறாராம்.

மறுநாள் பஸ் ஏறி ஊர் வந்ததும் அம்மாவிடம் காட்டினேன். "இதுல எதுட்டி அவன் வச்சிருந்தது?" என்றாள். "மூணுல ஒண்ணும்மா, எதுன்னு தெரியல" என்றேன். அம்மா மூன்றின்மேலும் ஒவ்வொன்றாக விரலை வைத்து எடுத்தாள். பிறகு, "சரி, மூணையும் பத்திரமா வை. பெட்ரோலு மட்டும் வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்றாள்.

இப்போது என்னிடம் பல் அளக்கும் அட்டை இருக்கிறது, நல்ல லென்ஸ் இருக்கிறது, கண்ணும் பழகிவிட்டது. உட்கார்ந்து பார்த்தால் அந்த மூன்றில் எது அவனுடையது என்று ஒருவேளை கண்டுபிடித்துவிடலாம். நான் முயற்சி செய்யவில்லை. அவனுடையதை யார் கையும் படாமல் தனியாகக் காப்பாற்ற வேண்டும் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு, முன்பின் தெரியாத ஒருத்தர் கொடுத்த இரண்டோடு சேர்ந்து இருப்பதால்தான் அது பத்திரமாக இருக்கிறது என்று தோன்றுகிறது.