ஒலிபெருக்கி அத்தையின் பல்லுறை

அந்தப் பேருந்து நிலையத்தில் அத்தையின் குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. முகத்தைப் பார்த்தவர்கள்தான் குறைவு. மாடிப்படிக்கு அடியில் பாதி கண்ணாடியும் பாதி பலகையுமாக ஓர் அறை. அதற்குள் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு மைக். அத்தை அங்கே உட்கார்ந்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால், சில்லறைக்குச் சண்டை போடுகிறவர்கள்கூட ஒரு நொடி வாயை மூடுவார்கள்.

அவள் எல்லோருக்கும் அத்தை ஆனதற்கு அண்ணன் மகள்தான் காரணம். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் அந்த அறைக்கு ஓடிவந்து "அத்தே, அத்தே" என்று கத்துவாள். மைக் அணைக்காமல் இருந்த ஒரு நாளில் அது நிலையம் முழுக்கக் கேட்டது. அன்றிலிருந்து ஓட்டுநர், நடத்துநர், பூட்டு விற்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் அத்தைதான்.

அத்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. கொறிப்பது. இழுப்பறையில் வறுத்த கடலை, பூசணி விதை, உருளைச் சீவல் என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். இடது கை இழுப்பறையில், வலது கை மைக் பொத்தானில். பொத்தானை அழுத்துவதற்கும் முதல் சொல் வெளியே வருவதற்கும் நடுவில் விழுங்கிவிடுவாள். இத்தனை வருடத்தில் ஒரு கடலைகூட ஒலிபெருக்கியில் நொறுங்கியதில்லை.

அவள் கொஞ்சம் கூச்சப்படுவது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். மேல்வரிசையில் முன்பல் ஒன்று, பக்கத்துப் பல்லின் மேல் காலைத் தூக்கிப் போட்டுப் படுத்திருந்தது.

அண்ணன் மகளின் கண் அந்தப் பல் மேல் விழுந்தது கடைசி வருடத்தில்தான். அவள் பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். பிடித்தால் விடமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குக் கொசு என்று பெயர்.

"அத்தை, கொஞ்சம் ஈன்னு காட்டுங்க."

"எதுக்குடி, மாடு வாங்க வந்தவ மாதிரி பல்லைப் பாக்குற?"

"க்ளியர் அலைனர் போடப் போறோம். கம்பி இல்ல, கட்டு இல்ல. கண்ணாடி மாதிரி ஒரு உறை, பல்லு மேல மாட்டிக்கணும். வெளிய தெரியவே தெரியாது. ரெண்டு வாரத்துக்கு ஒரு உறை மாத்துவோம். ஒவ்வொண்ணும் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமா நகத்தும்."

"யாரு போடுவா?"

"நான்தான்."

"ஐயோ!" என்றாள் அத்தை. "உன் பொம்மை ஒண்ணுக்காவது உருப்படியா தலை இருந்திருக்கா?"

கொசு சிரிக்கவில்லை. வகுப்பில் ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு நோயாளியைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒருத்தன் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் "சார், ஒரு தடவை சிரிங்களேன்" என்று கேட்டு அடி வாங்கப் பார்த்தான். நோயாளி பாதியில் சொதப்பினால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள். மாணவி புது ஆளைப் பிடித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"நடுவுல நின்னு போச்சுன்னா நான் எனக்கு அடுத்த பேட்ச்சோடதான் பரீட்சை எழுதணும், அத்தை. எல்லாரும் டாக்டர் ஆயிடுவாங்க. நான் மட்டும் அங்கயே உக்காந்திருப்பேன்."

அத்தைக்கு மனசு இளகிவிட்டது. "சரி, தொலை" என்று ஈ காட்டினாள்.

கல்லூரியில் பேனா போன்ற ஒரு கேமராவை வாய்க்குள் விட்டு எல்லாப் பல்லையும் படம் பிடித்தார்கள். திரையில் தன் பல்வரிசையைப் பார்த்த அத்தை, "இதென்ன, கூட்ட நேரத்துல பஸ்ஸுல ஏறுற மாதிரி நிக்குதுங்க?" என்றாள். பல்லின் நிறத்திலேயே சின்னச் சின்னப் பொட்டுகளை ஒட்டினார்கள். உறை பிடித்துக்கொள்ள அவை வேண்டுமாம். கடைசியில் பேராசிரியை வந்தார். மாணவர்கள் எல்லோரும் அவரை மேடம் என்று மட்டும் சொல்வார்கள், அதையும் மெதுவாகத்தான் சொல்வார்கள்.

"சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் மட்டும் கழட்டலாம். மத்த நேரமெல்லாம் வாயிலேயே இருக்கணும். தண்ணி குடிக்கலாம்."

"டீ?"

"கழட்டிட்டுக் குடிங்க."

"கடலை?"

"கழட்டணும், சாப்பிடணும், பல் தேய்க்கணும், திரும்பப் போடணும்."

அத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். தான் கொறிக்கிற வேகத்துக்கு வேலையை விட்டுவிட்டுக் குழாயடியிலேயே குடியிருக்க வேண்டியதுதான்.

முதல் நாள் உறையோடு மைக் முன்னால் உட்கார்ந்தபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. எல்லா எழுத்தையும் விட்டுவிட்டு, 'ச' வரும் இடத்தில் மட்டும் நாக்கு வழுக்கியது. அந்த நேரம் பார்த்துப் புறப்பட வேண்டிய வண்டியோ இப்படி:

"ஷந்தை, ஷிறைச்சாலை, ஷோப்புத் தொழிற்ஷாலை வழியாகஷ் செல்லும் பேருந்து..."

நிலையமே திரும்பிப் பார்த்தது. நேரம் குறிக்கும் டைம்கீப்பர் கண்ணாடியைத் தட்டினார். "என்னத்தே, வாய்க்குள்ள குழந்தையை உக்கார வச்சிருக்கீங்களா?"

"உம்ம வாயில எதுவுமே இல்லாமயே ஒரு வார்த்தை ஒழுங்கா வரதில்ல. போய் விசிலை ஊதும்."

சொல்லிவிட்டாளே தவிர, அத்தைக்கு முகம் சுண்டிப்போனது. போதாக்குறைக்கு இழுப்பறையிலிருந்து கடலை வாசனை வேறு. மூன்றாம் நாள் மதியம் உறையைக் கழற்றி அதன் டப்பாவில் வைத்தாள். ராத்திரி போட்டுக்கொண்டால் போதாதா, பல் என்ன கடிகாரமா பார்க்கப் போகிறது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு, ஒரு கை கடலையை அள்ளினாள். அடுத்த அறிவிப்பு கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது.

ஐந்து நிமிடத்தில் கைபேசி அடித்தது.

"அத்தை, உறையை ஏன் கழட்டுனீங்க?"

"யாரு கழட்டினா?"

"சந்தை, சிறைச்சாலை எல்லாம் சுத்தமா வருது. நாங்க எதிர் டீக்கடையிலதான் இருக்கோம்."

அத்தை எட்டிப் பார்த்தாள். டீக்கடை பெஞ்சில் வெள்ளைக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்து கையாட்டினார்கள். முறை வைத்துக் காது கொடுக்கிறார்களாம்.

அத்தைக்குக் கோபம் வரவில்லை. சின்னதாக ஒரு யோசனை வந்தது. உறை டப்பாவிலேயே இருந்தது. வாயில் கடலை இருந்தது. அத்தை விழுங்கினாள், பொத்தானை அழுத்தினாள்.

"ஷந்தை, ஷிறைச்சாலை..."

டீக்கடையில் நாலு பேரும் கைதட்டினார்கள்.

அதன்பிறகு அத்தைக்கு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. பகலெல்லாம் உறை டப்பாவில் தூங்கும், அத்தை மைக்கில் குழறுவாள். நாளாக ஆக இன்னும் நன்றாகக் குழறினாள். 'ச' இல்லாத இடத்திலும் ஒரு 'ஷ' சேர்த்து விட்டாள். "அத்தை எவ்வளவு ஒழுங்கா போடுறாங்க பாரு" என்று கொசு தோழிகளிடம் பெருமையடித்தாள். இரண்டாவது உறைக்குப் போன நாளில் அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு அதை அழுத்தி மாட்டி, "கச்சிதமா இருக்கு" என்று முந்திக்கொண்டாள். கொசுவும் நம்பினாள்.

மூன்றாவது உறைக்குப் போன நாளில் மேடமே வந்து குனிந்தார். விரலால் அந்த முன்பல்லைத் தொட்டுப் பார்த்தார். உறைக்கும் பல்லின் நுனிக்கும் நடுவில் ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்தது. மற்ற பற்கள் உறைக்குள் அடங்கியிருக்க, அது மட்டும் வரமாட்டேன் என்று பின்தங்கி நின்றது.

"பேச்சு எப்படி இருக்கு?" என்று மேடம் கேட்டார்.

"இன்னும் குழறுது மேடம். பகல் பூரா போட்டிருக்காங்க, நாங்களே கேட்டோம்" என்றாள் கொசு, நெஞ்சை நிமிர்த்தி.

"மூணாவது செட்டு வரைக்குமா? ஒழுங்கா போட்டா ஒரு வாரத்துல நாக்கு பழகிடுமே." மேடம் அத்தை பக்கம் திரும்பினார். "எங்க, அந்த பஸ் அறிவிப்பைச் சொல்லுங்க."

அத்தை உறையோடு சொன்னாள். குழறியது. நிஜமாகவே குழறியது, பகலில் பழகாத நாக்கு பாவம்.

"இப்பக் கழட்டிட்டுச் சொல்லுங்க."

அத்தை கழற்றினாள். தெளிவாகத்தான் சொல்ல நினைத்தாள். ஆனால் அறிவிப்புக் குரலை எடுத்ததுமே, பழகிப்போன நாக்கு தன்பாட்டுக்குக் கிளம்பிவிட்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஷந்தை, ஷிறைச்சாலை..."

பக்கத்து நாற்காலி மாணவன் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே போட்டான். முகமூடிக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் குலுங்க ஆரம்பித்தார்கள். வாயைத் திறந்து படுத்திருந்த நோயாளிகள்கூட சிரித்தார்கள். மேடமே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பியபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "பழைய உறைக்கே திரும்பிப் போங்க. ரெண்டு வாரம் பாப்பேன். அப்பவும் இந்தப் பல் உறைக்குள்ள வரலைன்னா கேஸை மூடிடலாம்."

கொசு திட்டுவாள் என்று அத்தை காத்திருந்தாள். அவள் திட்டவில்லை. கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் தட்டில் அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி எடுத்துத் துடைத்தாள். அத்தை பழைய உறையை எடுத்து அழுத்தி மாட்டிக்கொண்டாள்.

"இனிமே கழட்ட மாட்டேன்டி."

"கழட்டினாலும் எனக்குத் தெரியாது, அத்தை" என்றாள் கொசு. "போட்டுப் பழகினா தெளிவா பேசுவீங்க. போடலைன்னாலும் தெளிவா பேசுவீங்க. டீக்கடையில உக்காந்து என்னத்தைக் கேக்கிறது?" விரல் நீளத்தில் மெத்தென்ற ரப்பர் உருளை ஒன்றை அத்தை கையில் வைத்தாள். "உறை நல்லா உக்கார இதைக் கடிக்கணும். உங்களுக்குக் கொறிக்கத்தானே வேணும்? இதைக் கொறிங்க."

மறுநாள் காலை நிலையத்தில் இப்படி ஓர் அறிவிப்பு வந்தது: "வியாபாரிகளின் கவனத்திற்கு. மறு அறிவிப்பு வரும் வரை, அறிவிப்பாளர் அறைக்குத் தின்பண்டங்கள் கொண்டுவருவது தடை செய்யப்படுகிறது. கெஞ்சினாலும் தரக்கூடாது."

கடலைக்காரர் பதறியடித்து ஓடிவந்தார். "என்னத்தே, என் பொழப்புல மண்ணு போடுறீங்க?"

"யோவ், உம்ம கடலைக்கு ஒண்ணும் இல்ல. என் கைதான் சொன்ன பேச்சு கேக்காது."

இழுப்பறையைக் காலி செய்து டைம்கீப்பரிடம் கொடுத்துவிட்டாள். அவர் கண்ணாடிக்கு வெளியே நின்று, வேண்டுமென்றே ஒவ்வொன்றாக மென்று காட்டினார். அத்தை ரப்பர் உருளையைக் கடித்தாள். உப்பும் இல்லை, காரமும் இல்லை, சைக்கிள் டியூபைத் தின்பது போல இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவசரமாகக் கழற்றி, அவசரமாகச் சாப்பிட்டு, குழாயடியில் பல் தேய்த்தாள். "அத்தைக்குக் கல்யாணக் களை வந்துருச்சு" என்று நடத்துநர்கள் கிண்டல் செய்தார்கள். முன்பல் நாள் முழுக்க விண்விண்ணென்று வலித்தது. ஒரு மதியம் யாரும் பார்க்காத நேரத்தில் விரல் உறையின் விளிம்பு வரைக்கும் போனது. எதிர் டீக்கடையைப் பார்த்தாள். பெஞ்ச் காலியாக இருந்தது. காது கொடுக்க ஒருவரும் இல்லை. விரலை எடுத்துவிட்டு, உருளையை நறுக்கென்று கடித்தாள். சில நாட்களில் சந்தையும் சிறைச்சாலையும் தாமாகவே சுத்தமாக வந்தன.

மேடம் சொன்ன நாள் வந்தது. கொசு வாயைத் திறக்கச் சொன்னாள். அந்தப் பல்லின் ஓரத்தை முதலில் அவள் பார்க்கவே இல்லை, சுற்றியிருந்த எல்லாப் பல்லையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் வந்தாள். மேடம் விளக்கைச் சாய்த்தார்.

வெளிச்சக் கீற்று இல்லை. பல் உறைக்குள் நுனி வரை அடங்கியிருந்தது.

"உள்ள வந்துடுச்சு" என்றார் மேடம். "நீயே ஒரு தடவை அழுத்திப் பாத்துக்கோ."

கொசு ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, இன்னும் நம்பாதவள் போல அழுத்தினாள். கண் இரண்டும் நிறைந்து நின்றது. எங்கே அழுதுவிடப் போகிறாளோ என்று பயந்த அத்தை, அந்த விரலை லேசாக ஒரு கடி கடித்தாள்.

"ஆ! அத்தே!"

கூடமே திரும்பிப் பார்த்தது. மேடம் அடுத்த நாற்காலியை நோக்கி நடந்துகொண்டே கேட்டார்.

"கையுறை கிழிஞ்சுதா?"

"இல்ல மேடம்."

"அப்ப அடுத்த உறையைக் குடு."