ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர்

"…ஒருக்கா இல்ல டொக்டர், ரெண்டு மூண்டு தரம் கூடத் திருகிப்போட்டன். போனில கதைச்சுக்கொண்டு இருந்தா எனக்குக் கணக்கு நிக்காது" என்றார் பெரியம்மா.

டொக்டர் எக்ஸ்ரேயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் இடது முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டிய இரண்டு எலும்புகளில் ஒன்று பிறக்கும்போதே இல்லை; மற்றது குட்டை. அந்தக் குட்டை எலும்பை அறுத்து, காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் பூட்டி, நட்டுகளைத் திருகித் திருகி நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர், அதுவும் நாலு தடவையாக. விலகிய இடைவெளியில் புது எலும்பு ஊறி வரும். காலையும் இரவும் அப்பா திருகுவார். அவரும் அம்மாவும் வேலைக்குப் போனபின், மிச்ச இரண்டு தடவையும் கொட்டாஞ்சேனை வீட்டில் எங்களோடு இருந்த பெரியம்மாவின் பொறுப்பு. திருகியதும் கலண்டரில் ஒரு கோடு போடுவார். கோடு போடாமல் தேத்தண்ணிகூடக் குடிக்க மாட்டார்.

கணக்குக்கு மேலே கூடத் திருகியது நான். எட்டு வயது. தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு, எல்லாப் பிள்ளைகளையும் போல இரண்டு காலுக்கும் ஒரே உயரமான வெள்ளைச் சப்பாத்துப் போட வேண்டும் என்ற அவசரம். மத்தியானம் பெரியம்மா கண்ணயரும்போது மேசை லாச்சியிலிருந்து நட்டுத் திருகும் ஸ்பேனரை எடுப்பேன். நோகும். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

"ஏன் அம்மா, நான் சொன்னதுதானே, கூட வேணாம் எண்டு" என்றார் டொக்டர் பெரியம்மாவிடம், தன் சிங்களம் கலந்த தமிழில். இப்படி இழுத்தால் புது எலும்பு பிடிக்காது, திரும்பவும் வெட்ட வேண்டி வரலாம். பத்து நாளைக்கு நட்டில் கையே வைக்கக்கூடாது, பிறகு பார்ப்போம் என்றார்.

த்ரீவீலரில் என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஆமர் வீதி வரும்வரை, அன்று லீவு போட்டு வந்திருந்த அம்மா பெரியம்மாவை ஏசினார். "அக்கா, பிள்ளையின்ர கால் உங்களுக்கு விளையாட்டாப் போச்சோ?"

"ஓம், என்ட பிழைதான். ஏசு, ஏசு. ஆனா காலை ஆட்டாம ஏசு" என்றார் பெரியம்மா.

எனக்கு உள்ளுக்குள் ஒரே நிம்மதி. பாவம், மனுசிக்கு உண்மையிலேயே கணக்குப் பிசகிவிட்டது, நான் திருகியதும் அவர் திருகியதும் சேர்ந்துதான் இப்படி ஆகிவிட்டது என்று நம்பினேன். அவர்மேல் இரக்கம்கூட வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மா உடுப்பு மாற்றப் போனதும், பெரியம்மா லாச்சியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார்.

"இந்தப் பத்து நாளும் இது உன்னட்ட இருக்கட்டும், பிள்ளை. என்ட கையை நம்பேலாது."

அதை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, குசினிக்குப் போய் அரிசி களையத் தொடங்கினார்.