அப்பாவின் பள்ளிக்கூடத்து அடுப்பு

ஊரைப் பற்றி யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் நான் படித்த முதல் பாடம் அதுதான். எழுத்தும் கணக்கும் அதற்குப் பிறகுதான் வந்தன. பாடம் எடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. எங்களுக்கு முன்பே வந்து ஓரளவு ஜெர்மன் பிடித்தவர் என்பதால் வீட்டுக்கு வருகிற கடிதங்களை எல்லாம் அவர்தான் வாசிப்பார். அப்பாவின் அகதி மனு ஒருதரம் மறுக்கப்பட்டிருந்தது. மேன்முறையீட்டுக்குப் பதில் வரவில்லை. விசாரணையில் அப்பா சொன்னதெல்லாம் பக்கம் பக்கமாக ஏதோ ஓர் அலுவலகத்தில் இருந்தது. அதற்கு மாறாக ஒரு சொல் வெளியே போனாலும் கதை கந்தல் என்பார் மாமா. இன்னொரு ஊரில் ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சாப்பாட்டுக்கு முன் ஒருதரமும் பின் ஒருதரமும் சொல்லுவார்.

"தகப்பன் ஒண்டு சொல்லியிருக்கிறார். பிள்ளை பள்ளிக்கூடத்திலை வேறை ஒண்டு சொல்லியிருக்கு. அவ்வளவுதான். பிளேனிலை ஏத்திப்போட்டாங்கள்."

அந்தப் பிள்ளை அப்படி என்னதான் சொன்னது என்று கேட்டால் மாமாவுக்குத் தெரியாது. எனக்கு அதனால் பயம் இரட்டிப்பானது. எந்தச் சொல் கூடாத சொல் என்று தெரியாவிட்டால் எல்லாச் சொல்லுக்கும்தானே பயப்பட வேண்டும்? தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்கு ஒன்பது வயது. ஹனோவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், மூன்றாம் வகுப்பில், வாயைத் திறக்காத பிள்ளை என்று நல்ல பெயர் எடுத்திருந்தேன்.

என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள் கெர்டா. அவளும் வெளியிலிருந்து வந்தவள்தான். ருமேனியாவின் மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றில் பல தலைமுறையாக ஜெர்மன் பேசிக்கொண்டு வாழ்ந்த ஆட்கள். அங்கே ஆட்சி கவிழ்ந்ததும் ஊரே கிளம்பி ஜெர்மனிக்கு வந்துவிட்டது. அவர்களுக்கு வந்த கையோடு பாஸ்போர்ட் கிடைத்ததைச் சொல்லி மாமா பெருமூச்சு விடுவார். கெர்டாவின் அப்பா அந்தக் கிராமத்தில் வாத்தியாராக இருந்தவர். இங்கே ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். என் அப்பாவும் ஊரில் வாத்தியார்தான். இங்கே ஒரு பீட்சாக் கடையின் குசினியில் வேலை. இரண்டு பேரும் வீதியில் கண்டால் தலையை மட்டும் ஆட்டிக்கொள்வார்கள்.

ஒருநாள் ரீச்சர் கெர்டாவின் அப்பாவை வகுப்புக்கு அழைத்துவந்து அவருடைய பள்ளிக்கூடத்தின் வரலாற்றைச் சொல்லச் சொன்னார். மனுசன் நின்றபடியே ஒரு மணித்தியாலம் கதைத்தார். வீட்டுக்கு ஒரு வண்டில் கல் என்று ஊரே சுமந்து கட்டிய பள்ளிக்கூடமாம். மொத்தம் இரண்டு அறை. ஒவ்வொன்றிலும் பச்சை ஓடு பதித்த பெரிய கணப்படுப்பு. குளிர்காலத்தில் ஒவ்வொரு பிள்ளையும் கக்கத்தில் ஒரு விறகு கொண்டுவர வேண்டும். மறந்தவர் கதவோரம் நடுங்கிக்கொண்டு இருக்க வேண்டும். ஊரார் புறப்படப் புறப்பட வாங்குகள் காலியாகி, கடைசி வருடம் ஏழே ஏழு பிள்ளைகள். ஏழு பேரின் பெயரையும் சொன்னார். இப்போது அந்த அறைகளில் யாரோ செம்மறியாடு கட்டுகிறார்களாம். பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். இப்படி ஒளிவுமறைவில்லாமல் ஒரு மனிதன் தன் ஊரைப் பற்றிக் கதைப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ரீச்சர் விடவில்லை. எல்லோரும் அவரவர் அப்பா அல்லது அம்மாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டு ஒரு பக்கம் எழுதிவர வேண்டும், எல்லாவற்றையும் நடைபாதைச் சுவரில் ஒட்டப்போகிறேன் என்றார். அந்த நடைபாதையால் யார் வேண்டுமானாலும் போகலாம். தொப்பி போட்ட ஓர் அதிகாரி பைலைக் கையில் வைத்துக்கொண்டு, என் பக்கத்தையும் அப்பாவின் பக்கத்தையும் வரிவரியாக ஒப்பிடுவது எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம்தான் மெல்லக் கேட்டேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டார்.

"வேறை என்னவெண்டாலும் கேள். பள்ளிக்கூடக் கதையை மட்டும் அப்பாட்டைக் கேட்டுப்போடாதை."

நான் நினைத்தது சரியாகப் போயிற்று. பைலில் இருக்கிற ஆபத்தான விசயமே பள்ளிக்கூடம்தான் என்று முடிவுகட்டினேன்.

எழுதாமல் போனால் ரீச்சர் ஏன் என்று கேட்பார். எழுதினால் பிளேன். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கெர்டாவின் அப்பாவுடைய பள்ளிக்கூடத்தை எடுத்து எங்கள் ஊரில் வைத்துவிட்டேன். அவர் சொன்னதால் எந்த ஆபத்தும் வரவில்லையே, ஆகவே அந்தக் கதையில் கூடாத சொல் ஒன்றும் இருக்காது என்பது என் கணக்கு. ஊரார் கல் சுமந்தார்கள். இரண்டு அறை. எங்கள் ஊரில் பனி கொட்டாது என்பது எனக்குத் தெரியும்; அதனால் புத்திசாலித்தனமாகப் பனியை வெட்டிவிட்டேன். அடுப்பை மட்டும் வெட்ட மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கக்கத்தில் விறகோடு பள்ளிக்கூடம் போனார்கள்.

மூன்றாம் நாள் ரீச்சர் என் தகவல் கொப்பியில் ஒரு குறிப்பு எழுதித் தந்தார். 'டெர்மின்', அதாவது சந்திப்பு நேரம், என்று அதற்குத் தலைப்பு. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: எங்கேயோ யாரோ எங்களைப் பற்றி ஏதோ முடிவெடுத்துவிட்டார்கள். மாமா வாசித்தார். வியாழக்கிழமை, பதினொரு மணி, அப்பா வர வேண்டும், மகள் எழுதிய பள்ளிக்கூட வரலாறு சம்பந்தமாக.

"என்னடி எழுதினனி?" மாமாவின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"ஒண்டுமில்லை."

அம்மா அடித்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவரோ கட்டிலுக்குக் கீழே இருந்த சூட்கேசை இழுத்துத் துடைக்கத் தொடங்கினார். அதைப் பார்த்ததும் சொல்லும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.  அப்பா என் தலையைத் தடவிவிட்டு வேலைக்குப் போனார். என்னால் நாலு பேரும் சாகப்போகிறோம் என்று திடமாக நம்பினேன். நான் அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி. ஆனால் அந்த வீட்டில் பயப்படாதவர் யார் இருந்தார்கள்?

அப்பா வழக்கறிஞரிடம் போகும்போது போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். எங்களைப் போன்ற வீடுகளில் எங்கே போனாலும் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். அது ஒன்றுதான் எனக்கிருந்த நம்பிக்கை: ரீச்சர் சொல்வதும் அப்பா சொல்வதும் என் வாயைத் தாண்டித்தானே போக வேண்டும்.

ரீச்சர் சிரித்த முகத்தோடு என் பக்கத்தை மேசையில் விரித்தார். கட்டுரை மிக அருமை, ஆனால் இலங்கை வெப்பமான நாடு அல்லவா, இந்த அடுப்பு உண்மையா என்று அப்பாவிடம் கேள் என்றார். நான் தமிழில், "நான் வடிவா எழுதியிருக்கிறன் எண்டு சொல்லுறா" என்றேன். அப்பா தலையாட்டினார். ஆனால் ரீச்சர், வெளிநாட்டு ஆட்களோடு பேசும் எல்லோரையும் போலக் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக நேரே அவரிடமே கேட்டுவிட்டார். "ஷூல. ஒஃபன்?" கையால் பெரிதாக ஒரு பெட்டியும் கீறிக் காட்டினார்.

பள்ளிக்கூடம் என்ற சொல் அப்பாவுக்குத் தெரியும். ஒஃபன் என்றால் அடுப்பு, பீட்சாக் கடையில் நாள் முழுக்க அவர் முன்னால் நின்று எரிகிற சாமான். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"ஜா," என்றார் அப்பா. "ஒஃபன். குரோஸ்." ரீச்சர் காட்டியதைவிடப் பெரிதாகக் கையை விரித்துக் காட்டினார்.

எனக்கு மூச்சு வந்தது. ரீச்சர் மகிழ்ந்துபோய் இன்னொரு கேள்வி கேட்டார். எல்லாப் பக்கத்துக்கும் கீழே ஊரின் பெயரும், கடைசியாக அங்கே படித்த பிள்ளைகளின் தொகையும் போடுகிறாராம். கடைசி நாளில் அப்பாவின் வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? இதில் ஆபத்தில்லை என்று பட்டதால் உள்ளபடியே கேட்டேன்.

அப்பா விரல்களை மடக்கத் தொடங்கினார். ஒவ்வொரு விரலுக்கும் உதட்டுக்குள் ஒரு பெயர். வாசுகி. ரஞ்சன். சின்ன ரஞ்சன். பொய்யிலும் இரண்டு ரஞ்சன் வைக்கிறாரே என்று நான் வியந்தேன். பத்து விரலும் முடிந்து மறுபடி தொடங்கி, பதினேழில் நின்றார். முதலிலிருந்து எண்ணினார். மறுபடியும் பதினேழில் நின்றார். ரீச்சர் பேனையோடு காத்திருந்தார். இவ்வளவு நேரம் யோசித்தால் சந்தேகம் வரும் என்று பயந்து, நானே பதினேழு என்று சொல்லிவிட்டேன். ரீச்சர் எழுதிக்கொண்டார்.

ஊரில் அப்பா பள்ளிக்கூட அலுவலக அறைக்குப் போயிருந்த ஐந்து நிமிடத்தில் அவருடைய வகுப்பின் மேல் செல் குண்டு விழுந்தது என்பதை அம்மா எனக்குச் சொன்னபோது எனக்கு இருபது வயது. ஒரு பிள்ளையும் தப்பவில்லை. அதனால்தான் கேட்காதே என்றிருக்கிறார், பைலுக்காக அல்ல.

அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எங்களை யாரும் அனுப்பப்போவதில்லை. அப்பா அற்புதமாகப் பொய் சொல்லி எங்களைக் காப்பாற்றிவிட்டார். பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளினேன். அப்பா நின்றுவிட்டார்.

"பதினெட்டுப் பேர். ஒரு பேர் ஞாபகத்துக்கு வருகுதில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது.

"பொய்ப் பேர்தானே அப்பா. ஏதாவது ஒண்டை வையுங்கோவன்."

"ஓம், வைக்கலாம்" என்றார் அப்பா. பயம் தீர்ந்த சந்தோசத்தில் நான் கையை விடுவித்துக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடினேன்.