பெயருக்கு முன்னால் ஒரு சொல்

புனேயில் கட்கிக் கல்லறைத் தோட்டத்தில் லூர்துவின் பெயர் பொறித்த கல் ஒன்று இருக்கிறது. லூர்துவோ தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வேலை பார்த்துக்கொண்டு, நாற்பது வயதுக்கான தொப்பையோடு நன்றாகவே நடமாடிக்கொண்டிருக்கிறான். கல்லுக்குக் கீழே இருப்பவன் அவன் அண்ணன். மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அது லூர்து மாதாவுக்கு நேர்ந்துகொண்ட பெயர் என்பதால் அடுத்துப் பிறந்தவனுக்கும் அதையே வைத்தார்கள். அண்ணன் வெறும் லூர்து. இவன் சின்ன லூர்து. அம்மா ஸ்டெல்லா பெருமூச்சோடு 'லூர்து' என்றால் அது இவனில்லை.

இவனுக்கு இருக்கிற ஒரே பைத்தியம் 'ஏழாம் சுற்றுப்பாதை' என்கிற விண்வெளித் தொடர். அது முடிந்து வெகுகாலம் கழித்து, இப்போது அதே தலைப்பு, அதே கப்பல், அதே கேப்டன் பெயரோடு மறுபடி எடுத்திருக்கிறார்கள். முகம் வேறு, கதையும் வேறு. பழையதில் செத்த கேப்டன் இதில் சாகவில்லை. புனே ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் யார் எந்தக் கேப்டனைச் சொல்கிறார்கள் என்று புரியாமல் தினமும் லஃப்டா, ஒரே சண்டை. பிரித்துச் சொல்லப் புதுத் தொடருக்குக் குழுவில் ஒரு பெயர் வைத்தாக வேண்டும். உப்புப் பெறாத விஷயம்தான். ஆனால் குழுவுக்கு அட்மின் லூர்து, அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் அம்மாவும் அவனும் கல்லைக் கழுவப் போயிருந்தார்கள். அம்மா புல் பிடுங்கினாள். அவன் எழுத்துகளுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது நிக்டியிலிருந்து குழு நண்பன் பத்ரி போனில் கூப்பிட்டான். கையெல்லாம் பெயிண்ட், அதனால் ஸ்பீக்கரில் போட்டான்.

"அரே தோஸ்த், ஏன் மண்டைய ஒடச்சுக்கற? பழசு வெறும் சுற்றுப்பாதை. புதுசு சின்ன சுற்றுப்பாதை. அவ்ளோதான், முடிஞ்சுது."

"சின்னன்னு வைக்காத, பத்ரி."

"ஏன்? ரெண்டாவதா வந்ததுதானே?"

"வந்தா என்ன? இப்ப ஓடறது அதுதான். வாரா வாரம் வந்து நிக்குது, எல்லாரும் அதுல இன்னொண்ணத்தான் தேடறாங்க. பேர்லயும் குத்திக் காட்டணுமா? அடைமொழி வேணும்னா பழசுக்குப் போடு."

"சீரியலுக்குப் போய் இவ்ளோ கோவமா?" என்று சிரித்துவிட்டு பத்ரி வைத்துவிட்டான்.

சீரியலுக்கு இல்லை என்பது லூர்துவுக்கே அப்போதுதான் உறைத்தது. அம்மா கேட்டிருப்பாளே என்று கூசிப்போய், குனிந்து பிரஷ்ஷைத் துடைத்தான்.

விண்கப்பல் எதுவும் ஸ்டெல்லாவுக்குப் புரியவில்லை. மகனின் குரல் புரிந்தது. புல்லைக் கீழே போட்டுவிட்டுக் கல்லில் விரலை வைத்தாள்.

"பேருக்கு முன்னாடி எடம் இருக்குதுல்ல? பெரியன்னு எழுது."

"வேணாம்மா. அவன் பேரு அப்படியே இருக்கட்டும்."

"அவனுக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது. எழுதுடா."

லூர்து படித்ததெல்லாம் மராத்தியும் இங்கிலீஷும். தமிழ் எழுத்து என்றால் அவனுக்குத் தடுமாற்றம்தான். 'பெ' போட்டுவிட்டு நின்றான்.

"பெரியவனுக்குப் பெரிய றதானேம்மா?"

"இல்லடா. பெரியவனுக்கும் சின்ன ரதான்," என்றாள்.

இடம் போதாமல் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இருந்தாலும் படிக்க முடிந்தது. அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"லூர்து, வா போவலாம்."

பழக்கத்தில் அவன் கல்லைத் திரும்பிப் பார்த்தான். அம்மா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.